மூடியைத் திறந்தால் அணையும் வெளிச்சம்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

உன் மகள் வாண்டு பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டாள். பெட்டிகள் நான்கு என்று எழுதியிருந்தாய், வந்தது மூன்று. நான்காவதை ரயிலிலேயே மறந்து விட்டுவிட்டு, "மாமா, ஏதோ ஒண்ணு கொறையுது" என்று வாசலில் நின்று யோசித்தாள். மறுநாள் நான் ரயில் நிலையத்துக்குப் போய் மன்றாடி வாங்கி வந்தேன். மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். உன் காதுக்கு மருந்து விடுகிறாயா, இல்லை அலமாரிக்குத்தான் விடுகிறாயா? போனில் பேசினால் எதற்கும் "ஆங், ஆங்" என்கிறாய். ஆகவே பழையபடி கடிதமே நமக்குச் சரி.

அவள் என்ன ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்திருக்கிறாள் என்று நான்கு பேர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை என்று புலம்பியிருந்தாய். சொல்கிறேன். எங்கள் ஆய்வுக்கூடம் தரைக்கு அடியில் இருக்கிறது, ஜன்னல் கிடையாது. நடுவில் ஒரு பெரிய இரும்பு மேஜை. அதன்மேல் தம்ளர் அளவில் ஒரு கண்ணாடிக் கூடு. அதற்குள் காற்று என்பதே இல்லாதபடி உறிஞ்சி எடுத்திருக்கிறோம். ஆனால் கூட்டின் உள்சுவரில் ருபிடியம் என்ற உலோகத்தின் அணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஊதா வெளிச்சத்தை ஒரு விநாடி அடித்தால் அவை சுவரை விட்டுக் கிளம்பும். ஆறு பக்கத்திலிருந்தும் வரும் லேசர் ஒளி அவற்றை நடுவில் பிடித்து நிறுத்தி, எந்தக் குளிர்பெட்டியும் நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்குக் குளிர வைக்கும். கடுகளவு உருண்டையாக மங்கலாக மின்னும். ஊதா வெளிச்சத்தை நிறுத்தியதும் பிடிபடாத அணுக்கள் திரும்பச் சுவருக்கே போய் ஒட்டிக்கொள்ளும். கூடு மறுபடி காலி. பிடிபட்டதை இடித்துத் தள்ள ஆள் இல்லை. நேரத்தையும் பூமி இழுக்கும் இழுப்பையும் இப்படிப் பிடித்த அணுக்களை வைத்து மிக நுட்பமாக அளக்கலாம்.

இதையெல்லாம் நான் அரைமணி நேரம் விளக்கிய பிறகு உன் மகள் சொன்னாள்: "வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி மாமா. லைட்டப் போட்டு எழுப்பி விட்டாத்தான் கெளம்புது." பேராசிரியர் கேட்டு அரை நாள் சிரித்தார். உருண்டையை முதல் தடவை பார்த்தபோது மட்டும் அவள் எதுவும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இடது காது ஓய்வு பெற்றுவிட்டது, வலது காது பகுதி நேரம் வேலை செய்கிறது. அச்சகத்தில் இது ஒரு வசதி. இயந்திரம் ஓடும் சத்தத்தில் மற்றவர்கள் தலையைப் பிடித்துக்கொள்ளும்போது நான் நிம்மதியாக உட்கார்ந்து ஐந்தாம் வகுப்புப் பாடப்புத்தகத்துக்குப் பிழை பார்க்கிறேன். உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஒட்டியதைக் கிளப்பி, பிடித்து, மறுபடி ஒட்ட விடுவது. நல்ல வேலை, யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் அந்த ஊதா வெளிச்சம் கண்ணுக்கு ஆகுமா என்று ஒரு வார்த்தை எழுதவில்லையே. பட்டறை வைத்திருப்பவர்கள் தீப்பொறியைப் பார்க்காதே என்பார்கள். உங்களுடையது அதைவிடப் பெரிய சமாச்சாரம் என்று தோன்றுகிறது.

அவளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொதுத்தேர்வுக்கு நுழைவுச்சீட்டு இல்லாமல் போய் நின்ற மகராசி. தலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வீடு முழுக்கக் கண்ணாடியைத் தேடுவாள். படிப்பு மட்டும் ஒருநாளும் மறந்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவள் அப்பா போன பிறகு இவளுக்கு ஒரு வழி காட்டியது நீதான். அம்மா இல்லாத உன்னை நான் இடுப்பில் தூக்கிச் சுமந்ததற்கு நீ செய்த கைம்மாறு என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்கிறேன். ஆகவே தைரியமாக இருக்கிறேன். இருந்தாலும் அவளை அந்த அறையில் தனியாக விடாதே.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்கா,

சுகம், சுகம். மூன்று நாள் இருமல் வந்து போனது, அதைத் தவிர ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டாயே. முன்பு சின்னச் சின்ன ஊதா விளக்குகளை வைத்திருந்தோம். அவை கிளப்பிய அணுக்கள் போதவில்லை என்று இந்த வருஷம் ஊதா லேசருக்கு மாறிவிட்டோம். அது நேராகக் கண்ணில் பட்டால் ஆபத்துதான், மறைக்கவில்லை. அதற்காகத்தான் கூட்டைச் சுற்றிக் கறுப்புப் பெட்டி ஒன்று மாட்டி, மேலே மூடி வைத்திருக்கிறோம். மூடியின் ஓரத்தில் ஒரு காந்தம், பெட்டியின் விளிம்பில் ஒரு சுவிட்ச். மூடியைத் திறந்த கணத்தில் சுவிட்ச் காந்தத்தைக் காணாமல் ஊதா வெளிச்சத்தை அணைத்துவிடும். திறந்தால் இருட்டு. இதற்கு மேல் என்ன பாதுகாப்பு வேண்டும்? தவிர, ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடி உண்டு.

ஒரே தொல்லை, அணுக்கள் கிளம்பி உருண்டையாகச் சேருவதை நேரில் பார்த்துச் சரிசெய்ய வேண்டுமானால் மூடியைத் திறக்க வேண்டும். திறந்தால்தான் அணைந்துவிடுகிறதே! அதற்கு உன் தம்பி ஒரு தந்திரம் வைத்திருக்கிறான். மேஜை இழுப்பறையில் ஒரு சின்னக் காந்தம் கிடக்கிறது. அதைச் சுவிட்ச் மேல் ஒட்டவைத்துவிட்டால், பாவம், மூடி மூடித்தான் இருக்கிறது என்று சுவிட்ச் நம்பிவிடும். வேலை முடிந்ததும் எடுத்துவிடுவேன். இது விதிப்புத்தகத்தில் இல்லை, பேராசிரியருக்கும் தெரியாது. நீயும் யாரிடமும் சொல்லிவிடாதே.

கண்ணாடி விஷயத்தில் வாண்டுக்கு ஒரே புலம்பல். "மாமா, கண்ணாடி போட்டா உருண்டை சரியாத் தெரியல, கழட்டினா நீங்களே திட்டுவீங்க" என்கிறாள். மூடி திறந்து, வெளிச்சம் அணைந்தபிறகு கழற்றலாம் என்று சொல்லியிருக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்.

ஏப்ரல் நடுவில் ஒரு மதிப்பீட்டுக் குழு வருகிறது. கூடம் தொடருமா, என் ஒப்பந்தம் நீளுமா என்பதெல்லாம் அவர்கள் வாயில்தான் இருக்கிறது. அதுவரை எனக்குத் தலைகால் புரியாது. கடிதம் தாமதமானால் கோபிக்காதே.

தம்பி


ஏப்ரல் 19

அக்கா,

இதை உட்கார்ந்துகொண்டு படி. உயிருக்கு ஒன்றுமில்லை, முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

பதினாறாம் தேதி காலை குழு வருவதற்கு முன் கூட்டைத் துடைத்து வைக்க வாண்டு மூடியைத் திறந்திருக்கிறாள். கண்ணாடி நெற்றிமேல் இருந்திருக்கிறது. தானாக விட்டுவிட்டு அடிக்கும்படி வைத்திருந்த ஊதா வெளிச்சம் அடித்துவிட்டது, இடது கண்ணில். ஒரு விநாடிகூட இல்லை. நான் போய் நின்றதும் "மாமா, நடுவுல மட்டும் காணோம்" என்றாள். கத்தவில்லை, அழவில்லை. நான்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மூன்று நாளாகக் கூடவே இருக்கிறேன்.

விழித்திரையின் நடுப்பகுதி பொசுங்கியிருக்கிறது என்கிறார் மருத்துவர். ஓரப் பார்வை இருக்கும். நடுப் பார்வை திரும்புமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தை நான் எழுதவில்லை.

நீ புறப்பட்டு வர வேண்டாம். வந்து நீ செய்ய ஒன்றுமில்லை. நான் இருக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 29

தம்பி,

நான் எப்படி இருக்கிறேன் என்று எழுத எனக்கு வரவில்லை. அவள் எப்படி இருக்கிறாள்? சாப்பிடுகிறாளா? தூங்குகிறாளா? வலிக்கிறதா? போனில் இரண்டு நிமிஷம் பேசினாள். "சரிம்மா, சரிம்மா" என்பது மட்டும் கேட்டது, மீதி எதுவும் காதில் விழவில்லை. இந்தக் காதைப் பிய்த்து எறியலாம் போல இருந்தது.

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஒன்று விளங்கவில்லை. மூடியைத் திறந்தால் வெளிச்சம் அணைந்துவிடும் என்று நீதானே எழுதினாய்? இவள் திறந்தபோது ஏன் அணையவில்லை? சுவிட்ச் கெட்டுப்போயிருந்ததா? அல்லது இவள் ஏதாவது தாறுமாறாகச் செய்தாளா? உள்ளதைச் சொல். அவள் மேல் தப்பு என்றால் அதையும் சொல், தாங்கிக்கொள்வேன். பெற்றவளுக்கு அவள் லட்சணம் தெரியாதா? கண்ணாடி ஏன் நெற்றியில் இருந்தது? நெற்றிக்கா பார்வை வேண்டும்? கோபம் கோபமாக வருகிறது. பக்கத்தில் இருந்தால் அறைந்துவிட்டு மடியில் போட்டுக்கொண்டிருப்பேன்.

நீ அவள் பக்கத்தில் இருப்பது ஒன்றுதான் ஆறுதல். அவள் அப்பா இருந்திருந்தால் செய்வதைச் செய்கிறாய். மறக்க மாட்டேன்.

உடனே பதில் எழுது.

அக்கா


மே 24

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். விசாரணை, அறிக்கை என்று ஓய்ந்து உட்கார முடியவில்லை. இங்கே எல்லோரும் சுகம். உன் உடம்பு எப்படி?

கேட்டதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவிட்ச் நல்ல நிலையில்தான் இருந்தது. அது வேலை செய்யாதபடி மாற்றி வைக்கப்பட்டிருந்தது என்று பாதுகாப்பு அதிகாரி கண்டுபிடித்தார். அந்தக் காலையில் அறையில் இருந்தது அவள் ஒருத்தி. உருண்டையைப் பார்க்கும் ஆசையில் அவசரப்பட்டிருப்பாள், கண்ணாடியும் போடவில்லை என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். பாதுகாப்பு விதியை மீறியவர்களுக்கு இங்கே படிப்பைத் தொடர அனுமதி இல்லை. நான் பேசிப் பார்த்தேன், அக்கா. ஜூன் முதல் வாரத்தில் அவள் ஊருக்குக் கிளம்புவாள்.

ஒன்று சொல்ல வேண்டும். அதிர்ச்சியில் அவளுக்கு அன்றைய ஞாபகம் குழம்பியிருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டுக் கிளறாதே. மறந்துபோவதுதான் அவளுக்கு நல்லது என்று எனக்குப் படுகிறது.

குழுவுக்குக் கூடம் பிடித்துவிட்டது. கூட்டுக்குள் புதிதாக அணு ஊட்டும் கம்பி தீர்ந்துபோய்விட்டது, தெரியுமா? இப்போது சுவரில் ஒட்டியிருப்பதுதான் எங்கள் மொத்தச் சொத்து. ஒவ்வொரு தடவை வெளிச்சம் அடிக்கும்போதும் அதில் கொஞ்சம் உறிஞ்சும் குழாய்க்குள் போய்விடும், திரும்பாது. அப்படியும் சென்ற வாரம் இதுவரை பிடிக்காத எண்ணிக்கையில் பிடித்தோம். எந்த நிறத்தில் எவ்வளவு நேரம் அடித்தால் சுவர் எவ்வளவு விடுகிறது என்று அவள் போட்டுவைத்த அட்டவணை பெரிய உதவி. கட்டுரையில் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் அவள் பெயர் வருகிறது. நான்தான் கேட்டுச் சேர்த்தேன். என் ஒப்பந்தமும் மூன்று வருஷத்துக்கு நீண்டிருக்கிறது.

அவளைத் திட்டாதே.

தம்பி


ஜூலை 6

அன்புத் தம்பிக்கு,

அவள் வந்து ஒரு மாதம் ஆகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வீட்டில் யாருக்கும் சுகமில்லாமல் இல்லையே?

திட்டாதே என்று எழுதியிருந்தாய். திட்டினேன். வந்த மூன்றாம் நாளே ஆரம்பித்தேன். பாடுபட்டு மாமன் வாங்கிக் கொடுத்த இடத்தைக் கோட்டைவிட்டு வந்தாயே என்றேன். உனக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தாயே என்றேன். அவள் திருப்பிப் பேசவில்லை. முன்பெல்லாம் நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்வாள். இப்போது தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஓரக் கண்ணால் என்னைப் பார்க்கிறாள். நல்ல கண்ணை மூடினால் என் காது, முடி, கழுத்து எல்லாம் தெரிகிறதாம். முகம் இருக்கும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு ஓட்டை. "உம் மூஞ்சி மட்டும் இல்லம்மா" என்று சிரித்தாள்.

கண்ணைவிட எனக்கு வேறொன்று பயமாக இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாள். "7.10 அடுப்பை அணைத்தேன். 7.12 அணைத்ததைப் பார்த்தேன். 7.20 மறுபடி பார்த்தேன்." பக்கம் பக்கமாக இதுதான். தெருமுனை வரை போய்விட்டுக் கதவைப் பூட்டினோமா என்று திரும்பி வருகிறாள். பூட்டியிருக்கிறது. மறுபடி போகிறாள், மறுபடி வருகிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கச் சேர்ந்தாள், நாலே நாள்தான். "நான் சரியாத்தான் சொல்லிக்குடுத்தேனான்னு எனக்கே தெரியலம்மா" என்று நின்றுவிட்டாள். மறதிக்காரிதான், ஆனால் முன்பு மறந்தால் மறந்தேன் என்று சிரிப்பாள். இப்போது மறக்காததையும் மறந்துவிட்டேன் என்கிறாள்.

அவளுக்கு ஒரு கடிதம் எழுது. நீ சொன்னால் கேட்பாள். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் அது வெறும் வார்த்தை, நீ சொன்னால் அதுதான் உண்மை.

அக்கா


ஆகஸ்ட் 11

தம்பி,

அவளுக்கும் எழுதவில்லை, எனக்கும் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றும் இருக்காது என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பை நாலாவது முறை பார்த்துவிட்டு வந்தாள். நான் தாங்க முடியாமல், "ஒரு தடவ பாத்தாப் போதாதாடி?" என்று கத்திவிட்டேன். அவள் துணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "காந்தத்த நான்தான் வச்சேனாம்மா. வச்சது எனக்கு ஞாபகமே இல்ல. வச்சதே ஞாபகம் இல்லேன்னா, அடுப்ப அணச்சது மட்டும் எப்படி ஞாபகம் இருக்கும்?"

காது மந்தம்தான், ஆனால் அந்த வார்த்தை விழுந்தது. எந்தக் காந்தம் என்று கேட்டேன். சுவிட்ச் மேல் இருந்ததாம், அதிகாரி எடுத்தாராம். அப்படி ஒரு தந்திரம் உண்டு என்பதே தனக்கு அதற்கு முன் தெரியாது என்றுதான் அவள் முதலில் நினைத்தாளாம். அப்புறம் எல்லோரும் சொல்லச் சொல்ல, தெரிந்துதான் இருந்திருக்கும் என்று ஆகிவிட்டதாம்.

உன் மே மாதக் கடிதத்தில் "மாற்றி வைக்கப்பட்டிருந்தது" என்று எழுதியிருக்கிறாய். காந்தம் என்ற சொல் அதில் இல்லை. எனக்கு அந்தச் சொல்லை வேறு எங்கோ படித்த நினைவு. என் தொழில் என்ன என்று உனக்குத் தெரியும். ஒரு பக்கத்தில் படித்ததை நாற்பது பக்கம் தள்ளி ஒத்துப் பார்த்துத்தான் இருபத்தாறு வருஷமாகச் சோறு தின்கிறேன். உன் கடிதங்களை எடுத்தேன். மார்ச் இருபத்தொன்று, இரண்டாம் பக்கம், உன் கையெழுத்து.

நீ வைத்ததா?

வேறு எதுவும் எழுத வேண்டாம். நேரம் இல்லை, கூடம் இப்படி, குழு அப்படி, எதுவும் வேண்டாம். இதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா


செப்டம்பர் 19

அன்புள்ள அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதிவிட்டு ஆரம்பிக்கிறேன். இந்தக் கடிதத்தை ஆறு தடவை எழுதிக் கிழித்தேன்.

நான்தான் வைத்தேன்.

பதினைந்தாம் தேதி மாலை உருண்டை நடுவில் நிற்காமல் ஒதுங்கிக்கொண்டே இருந்தது. மறுநாள் குழு. மூடியைத் திறந்து, காந்தத்தை ஒட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் போராடிச் சரிசெய்தேன். அதற்குள் பேராசிரியர் மேலே கூப்பிட்டார். மூடியைச் சாத்திவிட்டுப் போனேன். காந்தத்தை எடுக்கவில்லை. மூடி சாத்தியிருந்தால் அது இருப்பது வெளியே தெரியாது. காலையில் அவள் எனக்கு முன்னால் வந்துவிட்டாள். எனக்கு உதவி செய்யத்தான் சீக்கிரம் வந்தாள், அக்கா.

அன்றைக்கே சொல்லியிருப்பேன். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆஸ்பத்திரிக்கு அதிகாரி வந்தார். "இத வச்சது நீயா?" என்று அவளைக் கேட்டார். அவள் இல்லை என்றுகூடச் சொல்லவில்லை, என் பக்கம் திரும்பினாள். ஒரு கண்ணில் கட்டு. நான் சொன்னேன்: "அவசரத்துல வச்சிருப்பே, ஞாபகம் இருக்காது." அது ஒன்றுதான் நான் சொன்னது. அதை யோசித்துக்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அவளே நம்பத் தொடங்கிவிட்டாள். மூன்றாம் நாள் அதிகாரியிடம் "இருக்கலாம் சார்" என்றாள். மறுவாரம் "ஆமா சார்" என்று கையெழுத்துப் போட்டாள்.

போனது போய்விட்டது, அக்கா. நான் இப்போது சொன்னால் அவளுக்குக் கண் வராது. எனக்கு வேலை போகும், இந்த வயதில் வேறு யாரும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். பையன் பள்ளியின் கடைசி வருஷத்தில் இருக்கிறான். கூடத்தையே மூடினாலும் மூடுவார்கள். ஒரு வீடு அழுதது போதாதா, இரண்டு வீடும் அழ வேண்டுமா? அவளுக்குச் செய்ய வேண்டியதை வாழ்நாள் முழுக்க நான் செய்வேன். அவளிடம் சொல்லாதே. அந்த மார்ச் கடிதத்தையும் இதையும் எரித்துவிடு. உன்னை நம்பித்தான் எழுதுகிறேன். உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன் தம்பி


அக்டோபர் 4

தம்பி,

சுகம் விசாரிக்க இந்தத் தடவை எனக்கு மனம் இல்லை. உனக்கும் அது தேவைப்படாது.

உன் கடிதம் வந்து நான்கு நாள் என் பையிலேயே இருந்தது. எரிக்கவும் நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஏழு வயதிலிருந்து உன்னைத் தூக்கி வளர்த்தேன். நீ விழுந்தால் தரையை அடித்தவள் நான். யார் வீட்டுக் கண்ணாடியை நீ உடைத்தாலும் உடைத்தது என் தம்பி இல்லை என்று சண்டைக்குப் போனவள். அந்தப் பழக்கம் இன்னும் கையில் இருக்கிறது. அடுப்பங்கரையில் தீப்பெட்டியைக் கையில் எடுத்தும்விட்டேன். பிறகு கீழே வைத்தேன்.

காந்தத்தை மறந்தாயே, அதை நான் மன்னித்துவிடுவேன். மன்னித்தும்விட்டேன். எவனுக்கும் வரும் மறதி. நான் கோபப்படுவது அதற்கு இல்லை. கண் போன பெண்ணின் தலையில் உன் மறதியைத் தூக்கி வைத்துவிட்டாய். அவள் அதைத் தன்னுடையது என்று சுமந்துகொண்டு ஊர் வந்தாள். இங்கே அதன் மேல் நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன். நாலு மாதம், தம்பி. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுத் திட்டியிருக்கிறேன். நீ எழுதியதை அப்படியே நம்பி, அவள் பக்கத்து நியாயத்தை ஒரு வார்த்தை கேட்காமல். உன் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு, அதை யாரும் எனக்குக் கழித்துத் தர முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளை உட்கார வைத்தேன். இரண்டு கடிதங்களையும் அவளே படிக்கட்டும் என்று கொடுத்தேன். எழுத்து அலைகிறது, நீயே படி என்றாள். படித்தேன். மார்ச் கடிதத்தை முதலில், செப்டம்பர் கடிதத்தைப் பிறகு. என் காதுக்குக் கேட்கும்படி நான் சத்தமாகத்தான் படிப்பேன், பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

முடித்ததும் அவள் சொன்னாள்: "அந்த எடத்த மறுபடி படிம்மா." 'நான்தான் வைத்தேன்' என்ற வரியை. படித்தேன். இன்னொரு தடவை என்றாள். படித்தேன். "அப்போ நான் வெக்கலியா?" என்று கேட்டாள். "வெக்கலடி, நீ வெக்கல" என்றேன். "எனக்கு ஞாபகம் இல்லாம இருந்தது, நடக்காததனாலயா?" என்றாள். ஆமாம் என்றேன். அதன் பிறகு அழுதாள். அடிபட்டபோது அழவில்லை என்று நீ எழுதினாயே, அதையும் சேர்த்து அழுதாள். நான் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

விசாரணைக் குழுவுக்குக் கடிதம் எழுதுவது என்று முடிவு செய்தது அவள்தான், நான் தூண்டவில்லை. தன் பெயரில், தன் கையால், நல்ல கண்ணை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். உன் கடிதங்கள் இரண்டையும் அதோடு வைத்தோம். நேற்று நானும் அவளும் தபால் நிலையம் போய்ப் பதிவு செய்து அனுப்பினோம். உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உன் பையனை நினைத்து வயிறு எரிகிறது. ஆனாலும் அனுப்பினோம்.

திரும்பி வரும்போது மாமாவுக்கு ஏதாவது எழுத வேண்டுமா என்று அவளைக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆஸ்பத்திரியில மூணு நாளும் மாமா என் கையப் பிடிச்சிட்டே இருந்தாரும்மா. அப்ப ஒரு தடவ சொல்லியிருக்கலாம், நான்தான் வச்சேன், எனக்குப் பயமா இருக்குன்னு. எம்மேல போட்டுக்கறேன் மாமான்னு நானே சொல்லியிருப்பேன். தெரிஞ்சே சொல்லியிருப்பேன்."

அக்கா